11 கார் நிற்கும் கிரிட்: ஒரு ஃபார்முலா தொடரை மூடாமல் நடத்துவது எப்படி?

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். தெற்கில் ஒரு கிளப், வருடத்துக்கு 4 சுற்றாக ஒரு ஃபார்முலா கார் (ஒற்றை இருக்கை, மூடாத சக்கரம் கொண்ட பந்தயக் கார்) தொடரை நடத்துகிறது. உள்ளூரில் கட்டிய கார்கள். ஒரு காலத்தில் 20-க்கு மேல் கார்கள் கிரிட்டில், அதாவது பந்தயம் தொடங்கும் வரிசையில், நின்றன. போன சுற்றில் 11. இருக்கிற ஒரே ஸ்பான்சரும் அடுத்த வருடம் பற்றிப் பிடி கொடுக்காமல் பேசுகிறார். "புதுக் கார் கொண்டுவந்தால் ஆட்கள் திரும்புவார்களா? டிவியில் காட்டினால் ஸ்பான்சர் வருவார்களா? அரசாங்கத்திடம் போகலாமா?" என்று அந்தக் கிளப் என்னிடம் கேட்கும் மூன்று கேள்வி.

மூன்றுக்கும் என் பதில், இப்போதைக்கு வேண்டாம். காரணத்தைச் சொல்லத்தான் இவ்வளவு நீளம்.

முதலில் பணம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். டிக்கெட்டும் ஒளிபரப்பு உரிமையும் சேர்ந்து தாங்கிப் பிடிக்க இது கிரிக்கெட் இல்லை. ஃபார்முலா 1-க்குக் கீழே உள்ள மட்டங்களில், எந்த நாட்டை எடுத்துக்கொண்டாலும், செலவின் பெரும்பங்கு ஓட்டுகிறவரின் வீட்டிலிருந்து வருகிறது. பையனுக்காக அப்பா செக் எழுதுகிறார். இல்லையென்றால் மில்லோ பட்டறையோ வைத்திருக்கும் நாற்பது வயதுக்காரர் தன் ஆசைக்குத் தானே செலவழிக்கிறார். கார்மேல் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர்களைக் கொஞ்சம் விசாரித்தால், பல பெயர்கள் அப்பாவின் கம்பெனியாகவோ மாமாவின் கம்பெனியாகவோ இருக்கும். ஆகவே உங்கள் வாடிக்கையாளர் கேலரியில் உட்கார்ந்திருப்பவர் இல்லை, செக் எழுதுகிற அந்த அப்பாதான். தொடர் எடுக்கும் ஒவ்வொரு முடிவையும் அவர் பாக்கெட்டை வைத்துத்தான் பார்க்க வேண்டும். இதை மறந்த தொடர்கள்தான் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டன.

அடுத்தது ஒரு சின்னக் கணக்கு. ஒரு பந்தய வார இறுதிக்கு இரண்டு வகைச் செலவு. டிராக் வாடகை, மார்ஷல்கள் (பாதையோரம் கொடி காட்டுகிறவர்கள்), ஆம்புலன்ஸ், டாக்டர், தீயணைப்பு வண்டி, டைமிங், ஸ்க்ரூட்டினி (கார் விதிப்படி இருக்கிறதா என்ற சோதனை), இன்ஷூரன்ஸ், இந்திய மோட்டார் விளையாட்டு சம்மேளனமான எஃப்எம்எஸ்சிஐ அனுமதி எல்லாம் ஒரு வகை. 10 கார் வந்தாலும் 25 கார் வந்தாலும் இது ஏறக்குறைய ஒன்றுதான். டயர், பெட்ரோல், மெக்கானிக் சம்பளம், உடைந்த பாகம் எல்லாம் காருக்குக் கார் ஏறுவது. முதல் வகைச் செலவு 24 லட்சம் என்று பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். 24 கார் வந்தால் தலைக்கு 1 லட்சம். 16 வந்தால் ஒன்றரை லட்சம். 12 வந்தால் 2 லட்சம். ஆள் குறைகிறார்கள் என்று என்ட்ரி ஃபீஸை ஏற்றினால், ஏறியதைப் பார்த்து இன்னும் நாலு பேர் போவார்கள், மிச்சமிருப்பவர் தலையில் மறுபடி ஏறும். 11 காரில் நீங்கள் இருக்கும் இடம் இந்தச் சரிவின் நடுப்பகுதி. அதனால் அடுத்த இரண்டு வருடத்துக்கு உங்கள் ஒரே வேலை கிரிட்டில் எண்ணிக்கையை ஏற்றுவது. லாபம், கௌரவம் எல்லாம் அப்புறம்.

இந்தக் கணக்கில் ஜெயித்த உதாரணத்தைத் தேடி வெகுதூரம் போக வேண்டாம், கோயம்புத்தூர் வரை போனால் போதும். 1980-களின் இறுதியில் எஸ். கரிவர்தன், மாருதி 800-இன் இன்ஜினை வைத்து ஒற்றை இருக்கை பந்தயக் கார் கட்டினார். அதுதான் ஃபார்முலா மாருதி. வெளிநாட்டிலிருந்து ஒரு கார் இறக்குவது லேசான காரியமாக இல்லாத காலம் அது. இங்கே கிடைக்கும் இன்ஜின், இங்கே வெல்டிங் செய்த சேஸி (காரின் சட்டம்), இங்கே கடைந்த பாகங்கள். நரேன் கார்த்திகேயன் முதல் பந்தயம் ஓட்டியது ஸ்ரீபெரும்புதூர் பாதையில், ஒரு ஃபார்முலா மாருதியில்தான். கருண் சந்தோக்கும் அதில்தான் ஆரம்பித்தார். இருவரும் பின்னால் ஃபார்முலா 1 வரை போனார்கள். கரிவர்தன் 1995-இல் விமான விபத்தில் இறந்தார். அவர் பெயரில் செட்டிப்பாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே 2003-இல் திறந்தது.

ஆள் போனாலும் முறை நிலைத்தது என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. செயின் செய்யும் எல்ஜிபி குழுமம் கையில் எடுத்து, ஃபார்முலா எல்ஜிபி வந்தது. இப்போதைய எல்ஜிபி ஃபார்முலா 4-இல் ஓடுவது 1300 சிசி ஸ்விஃப்ட் இன்ஜின். இதற்கு நடுவில் எத்தனை பெரிய பெயர்கள் வந்து போயின! எல்ஜிபியின் செயின் பிராண்ட் பெயரிலேயே ஃபார்முலா ரோலான் வந்தது, இன்னும் வேகமான கார். அது இப்போது இல்லை. பிஎம்டபிள்யூ ஆசியாவில் ஃபார்முலா பிஎம்டபிள்யூ நடத்தி, 2010-உடன் விலகிக்கொண்டது. அந்தக் கார்களை வைத்து ஜேகே டயர் பெயரில் ஆசியத் தொடர் 2011-லும் 2012-லும் நடந்தது, அதோடு சரி. எல்லாவற்றிலும் மெதுவான, பளபளப்பு குறைந்த எல்ஜிபி கார் மட்டும் இருபது வருடத்துக்கு மேல் தாக்குப்பிடிக்கிறது.

காரணம் தெரிய ஒரு ஞாயிற்றுக்கிழமை, சென்னைக்கு அருகிலுள்ள இருங்காட்டுக்கோட்டை டிராக்கின் பேடாக்கில் (டீம்கள் கார்களை நிறுத்திப் பழுதுபார்க்கும் இடம்) நின்றால் போதும். முதல் ரேஸில் முதல் வளைவிலேயே இரண்டு கார் உரசி, ஒன்றின் முன்பக்க விஷ்போன் (சக்கரத்தைத் தாங்கும் கை) வளைந்துவிடும். மெக்கானிக் வண்டிக்குப் போய் வேறொன்றை எடுத்து வருவார். ஸ்பேர் இல்லையென்றால் பக்கத்து டீமில் கேட்பார். கேட்டால் கொடுப்பார்கள், அடுத்த சுற்றில் இவர்களிடம் அவர்கள் கேட்க வேண்டியிருக்குமே. மதியம் இரண்டாவது ரேஸுக்குக் கார் தயார். சேஸி இரும்புக் குழாய் என்பதால், அடி பலமாக இருந்தாலும் கோயம்புத்தூருக்குக் கொண்டுபோய் ஜிக்கில் (அளவு பிசகாமல் பிடிக்கும் சட்டம்) ஏற்றி, வளைந்த குழாயை அறுத்துப் புதிதாக வெல்ட் செய்துவிடலாம். அப்பாவுக்கு வரும் பில் சில ஆயிரங்களில் முடியும். ஸ்விஃப்ட் இன்ஜினைப் பிரித்து மாட்டத் தெரிந்த ஆள் எந்த ஊரிலும் உண்டு.

இதே மோதலை இப்போதைய சர்வதேச ஃபார்முலா 4 காரில் (பெயர் ஒன்றுபோல இருந்தாலும் எல்ஜிபி கார் இல்லை) நினைத்துப் பாருங்கள். இந்தியத் தொடரில் ஓடுவது பிரான்ஸின் மிகேல் நிறுவனம் கட்டிய கார், கார்பன் ஃபைபர் உடல். கார்பனில் விரிசல் விழுந்தால் கண்ணுக்குத் தெரியாது. பரிசோதிக்க வேண்டும், பெரிய அடியென்றால் உடலையே மாற்ற வேண்டும். பாகத்தின் விலை யூரோவில், அதன்மேல் விமானக் கட்டணம், அதன்மேல் சுங்கம், அதன்மேல் வரி. அந்தக் கார் மோசம் என்று சொல்லவில்லை. பாதுகாப்பில் அது எங்கேயோ உயரத்தில் இருக்கிறது, ஐரோப்பா போக நினைக்கும் பையனுக்கு அதுதான் சரியான பள்ளிக்கூடம். ஆனால் அதை நடத்த பெரிய முதலீட்டாளர் வேண்டும். 4 சுற்று நடத்தும் கிளப்புக்குத் தாங்காது.

ஆகவே புதுக் கார் வேண்டாம். புதுக் கார் வந்த அன்றே பழைய காரின் மறுவிற்பனை விலை சரிந்துவிடும் என்பதையும் யாரும் யோசிப்பதில்லை. உங்களோடு பத்து வருடம் இருந்த டீம் உரிமையாளரின் மொத்த முதலும் அந்த 3 காரில்தான் இருக்கிறது. புதுசு வாங்கப் பணமில்லாமல் அவர் விலகுவார், அவரோடு அவர் கூட்டிவந்த ஓட்டுநர்களும் போவார்கள். விதிகள் குறைந்தது 5 வருடம் மாறாது என்று எழுத்தில் கொடுங்கள். அந்த ஒரு தாள், ஸ்பான்சர் கொண்டுவருவதைவிட அதிகக் கார்களைக் கொண்டுவரும்.

அமெரிக்காவில் அட்லாண்டிக் சாம்பியன்ஷிப் என்று ஒரு பழைய தொடர் இருந்தது. 1970-களிலிருந்து ஓடி, பெரிய ஓட்டுநர்களை உருவாக்கியது. 2006-இல் புதிய ஸ்விஃப்ட் சேஸி (நம் மாருதி இல்லை, அமெரிக்கப் பந்தயக் கார் கம்பெனி), காஸ்வொர்த் தயாரித்த மாஸ்டா இன்ஜின், ஜெயிப்பவருக்கு அடுத்த மட்டமான சாம்ப் காருக்குப் போக 20 லட்சம் டாலர் என்று தடபுடலாக இறங்கினார்கள். சிமோன் பாஜெனோ ஜெயித்து மேலே போனார். 2008-இல் சாம்ப் கார், அதன் போட்டித் தொடரான இண்டிகாருடன் இணைந்துபோனது. இண்டிகாருக்கு ஏற்கெனவே தனக்கென்று ஒரு கீழ்மட்டத் தொடர் இருந்தது. அட்லாண்டிக்கை ஜெயித்தால் போவதற்கு ஓர் இடம் இல்லாமல் போயிற்று. கார் மட்டும் அதே விலையுயர்ந்த கார். 2009-உடன் தொடர் படுத்தது, 2010 சீசன் நடக்கவே இல்லை. பிரிட்டிஷ் ஃபார்முலா 3-இன் கதையும் இந்த வகைதான். அயர்டன் சென்னா 1983-இல் ஜெயித்த தொடர், செலவு ஏற ஏறக் கிரிட் மெலிந்து 2014-இல் நின்றுபோனது.

அதே பிரிட்டனில் 1967-இல் ஆரம்பித்த ஃபார்முலா ஃபோர்டு 1600 இன்னும் ஓடுகிறது! சாதாரண ஃபோர்டு கென்ட் இன்ஜின், குழாய்ச் சட்டம், இறக்கை கிடையாது. பிராண்ட்ஸ் ஹாட்ச் டிராக்கில் வருடாவருடம் அதற்கென்று ஒரு திருவிழாவே நடக்கிறது. அங்கே வருபவர்களில் ஃபார்முலா 1 கனவோடு வரும் பதினேழு வயதுப் பையன்களும் உண்டு, பிழைப்புக்கு வேறு தொழில் வைத்துக்கொண்டு முப்பது வருடமாக ஓட்டும் பெரியவர்களும் உண்டு.

அந்தப் பெரியவர்களைத்தான் நம் தொடர்கள் சரியாகக் கண்டுகொள்வதில்லை. பையன்கள் இரண்டு வருடம் ஓட்டுவார்கள். ஜெயித்தால் மேலே போய்விடுவார்கள், தோற்றால் இன்ஜினியரிங் காலேஜுக்குப் போய்விடுவார்கள். இரண்டில் எதுவானாலும் உங்களுக்கு அந்த இருக்கை காலி. நாற்பது வயதுக்காரர் ஒரு காரை வாங்கினால் பத்து வருடம் இருப்பார், செக் திரும்பி வராது, நண்பர் இருவரையும் இழுத்து வருவார். அவர் கேட்பதெல்லாம் தன் வயதுக்காரர்களோடு ஒரு தனிப் புள்ளிப்பட்டியல், சின்னதாக ஒரு கோப்பை, திங்கட்கிழமை காலை ஆபீஸ் போக முடிகிற மாதிரி கால அட்டவணை. வெள்ளிக்கிழமைப் பயிற்சியை எடுத்துவிட்டு சனி, ஞாயிறு மட்டும் வைத்தால் அவருக்கு ஒரு நாள் லீவு மிச்சம். டீமுக்கும் ஒரு நாள் மெக்கானிக் கூலி, லாட்ஜ் வாடகை மிச்சம். என்னைக் கேட்டால் உங்கள் கிரிட்டில் மூன்றில் ஒரு பங்கு இவர்களாக இருக்க வேண்டும். பத்திரிகையில் போட்டோவுக்கு அழகாக இருக்காது, பரவாயில்லை.

கார்களை யார் வைத்திருப்பது என்பது அடுத்த விவகாரம். இரண்டு வழி உண்டு. டீம்களே வைத்திருப்பது ஒன்று. எல்லாக் கார்களையும் தொடரே வைத்துக்கொண்டு, ஓட்டுநர் ஹெல்மெட்டோடு வந்து பணம் கட்டி ஓட்டிவிட்டுப் போவது இன்னொன்று. எம்ஆர்எஃப் சேலஞ்ச் இரண்டாம் வழியில் நடந்தது. டல்லாரா சேஸி, 2 லிட்டர் இன்ஜின், ஐரோப்பாவில் பனிக்காலமாக இருக்கும் மாதங்களில் சென்னை, பஹ்ரைன், துபாய் என்று சுற்றுகள். அங்கே டிராக் மூடிக் கிடக்கும்போது பயிற்சி தேடும் இளைஞர்கள் இங்கே வந்தார்கள். மிக் ஷூமாக்கர் ஓட்டினார், ஃபெலிப்பே ட்ருகோவிச் 2017-18-இல் ஜெயித்தார், ஜேமி சாட்விக் 2018-19-இல் ஜெயித்தார். நியூசிலாந்தில் 2005-இல் ஆரம்பித்த டொயோட்டா தொடரும் இதே பருவக் கணக்கில்தான் பிழைத்தது. ஜனவரி, பிப்ரவரியில் வாரத்துக்கு ஒன்றாகச் சுற்றுகளை அடுக்கி ஒரே மூச்சில் முடித்துவிடுவார்கள். லாண்டோ நாரிஸ் 2016-இல் அங்கே சாம்பியன்.

பார்க்க அழகான வழி. ஆனால் 11 கார் வைத்திருக்கும் கிளப் இதைக் காப்பியடிக்கக் கூடாது. ஒன்று, அந்தப் பனிக்காலச் சந்தையை இப்போது ஐக்கிய அரபு எமிரேட்ஸ் கிட்டத்தட்ட முழுக்கப் பிடித்துவிட்டது. விமானத்தில் இறங்கி ஒரு மணி நேரத்தில் டிராக், ஒரே சீசனில் இரண்டு மூன்று உலகத்தர டிராக்குகள். நம்மால் அந்த வசதிக்குப் பக்கத்தில் போக முடியாது. இரண்டாவது காரணம் இதைவிட முக்கியம். கார்களைத் தொடர் எடுத்துக்கொண்டால் டீம்கள் செத்துவிடும். கார்ட்டிங் டிராக்கில் நின்று எந்தப் பையன் வேகம் என்று பார்த்து, அவன் அப்பாவிடம் டீ குடித்துப் பேசி, தவணையில் பணம் வாங்கி, கிரிட்டுக்குக் கூட்டிவருவது டீம் உரிமையாளர்தான். சம்பளமில்லாத விற்பனையாளர் அவர். அவரை வெளியே அனுப்பினால் அந்த வேலையை கிளப் செயலாளர் செய்வாரா?

அதனால் நடுவழி ஒன்று சொல்கிறேன். டீம்களிடம் கார்கள் இருக்கட்டும். டீம்களின் ஷெட்டில் ஓடாமல் கிடக்கும் கார்களில் 5, 6-ஐ மட்டும் கிளப் வாங்கிச் சரிசெய்து, எந்த டீமுக்கும் சுற்றுக்கு இவ்வளவு என்று வாடகைக்குக் கொடுக்கட்டும். ஓட்டுநர் கிடைத்து கார் இல்லாத டீம் எடுத்துக்கொள்ளும். 11 என்பது 16 ஆவதற்கு எனக்குத் தெரிந்து இதுதான் மலிவான வழி. வாடகைக்கு முன்பணமும் சேதத்துக்கு டெபாசிட்டும் ரேஸுக்கு முன்பே வாங்கிவிட வேண்டும். ரேஸ் முடிந்தபின் பணம் வசூலிப்பது நம் ஊரில் யாராலும் ஆகாத காரியம்.

செலவைக் கட்டுவதில் விதிப்புத்தகத்துக்குப் பெரிய பங்கு உண்டு. சுற்றுக்கு ஒரு செட் டயர்தான். இன்ஜினுக்கு சீல், சீசன் நடுவில் பிரித்தால் அபராதம். சந்தேகம் வந்தால் இரண்டு காரின் இசியூவை (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) மாற்றிப் போட்டு ஓட்டச் சொல்லும் அதிகாரம் ஸ்க்ரூட்டினியருக்கு இருக்க வேண்டும். சுற்றுக்கு முந்தைய இரண்டு வாரம் அதே டிராக்கில் தனிப் பயிற்சி கூடாது. இந்தக் கடைசி விதியைத்தான் பணக்கார டீம் கடுமையாக எதிர்க்கும், அதில்தான் விட்டுக்கொடுக்கக் கூடாது. ஒரு சீசனில் பந்தயத்துக்கு ஆவதைவிடப் பயிற்சிக்கு அதிகம் செலவழிக்கும் வீடுகள் உண்டு. அந்த வீட்டைப் பார்த்துத்தான் மற்ற அப்பாக்கள் பயந்து ஒதுங்குகிறார்கள்.

தனியாக வார இறுதி நடத்துவதையும் நிறுத்துங்கள். ஜேகே டயர் சுற்றுகளில் எல்ஜிபி ஃபார்முலா 4-உடன் புதியவர்களுக்கான நோவிஸ் கப், ராயல் என்ஃபீல்டு கான்டினென்டல் ஜிடி பைக் பந்தயம் எல்லாம் ஒரே நாளில் நடப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஒரே ஆம்புலன்ஸ், ஒரே மார்ஷல் கூட்டம், நாலு வகுப்பு பங்குபோடுகிறது. மேலே சொன்ன 24 லட்சத்தில் உங்கள் தொடரின் பங்கு பாதிக்குக் கீழே வந்துவிடும். விளம்பரத்தில் உங்கள் ரேஸின் பெயர் மூன்றாவதாகவோ நான்காவதாகவோ வரும், கொஞ்சம் வலிக்கும்தான்.

ஸ்பான்சர் விஷயத்துக்கு வருகிறேன். இந்தியாவில் ஃபார்முலா பந்தயத்தை இத்தனை வருடம் தாங்கியது இரண்டு டயர் கம்பெனிகள், எம்ஆர்எஃப், ஜேகே. அவர்களுக்குப் பந்தயம் என்பது பொருளோடு ஒட்டிய விளம்பரம், அதனால் விலகாமல் நிலைத்தார்கள். சோப்புக் கம்பெனிக்கும் மொபைல் கம்பெனிக்கும் அந்தத் தேவை இல்லை. டிவியில் காட்டினால் அவர்கள் வருவார்கள் என்பது தப்புக் கணக்கு. ஒளிபரப்புக்கு நேரத்தை நீங்கள்தான் காசு கொடுத்து வாங்க வேண்டியிருக்கும். மூன்று கேமரா வைத்து யூடியூபில் நேரலை போடுங்கள், பாட்டி வீட்டிலிருந்து பேரனைப் பார்க்கட்டும், அது போதும். ஆயில், பேட்டரி, பிரேக் பேட், கருவிகள் விற்கும் உள்ளூர் வியாபாரிகளிடம் பணம் கேட்காமல் பொருளாகக் கேளுங்கள். 16 காருக்கு ஒரு சீசன் ஆயில் இலவசம் என்றால் அது அப்பாவின் பில்லில் நேராகக் குறையும். ஸ்பான்சர் பணம் வந்தால் அதைப் பரிசுத் தொகையாக்கி ஜெயித்தவருக்கே கொடுப்பது வீண். அவர் எப்படியும் வருவார். 8-ஆம் இடத்துக்குக் கீழே முடிப்பவர்களின் அடுத்த சுற்று ஃபீஸில் கழியுங்கள்.

அரசாங்கம்? 2024 ஆகஸ்ட் 31-லும் செப்டம்பர் 1-லும் தீவுத்திடலைச் சுற்றி சென்னையில் இரவுப் பந்தயம் நடந்ததைப் பார்த்தோம். மூன்றரை கிலோமீட்டர் தெருப்பாதை, நல்ல கூட்டம், நாடு முழுக்கப் பேச்சு. 2023 டிசம்பரில் நடக்க வேண்டியது மிக்ஜாம் புயலால் தள்ளிப்போய், நீதிமன்ற வழக்குகளையும் தாண்டி நடந்தது. கார் பந்தயம் என்றால் என்ன என்று லட்சக்கணக்கானவர்களுக்குக் காட்டியது, அந்த மட்டில் சந்தோஷம். ஆனால் தடுப்புச் சுவரும் கம்பிவேலியும் ஒவ்வொரு முறையும் நட்டுப் பிடுங்க வேண்டிய ஒன்றின் செலவை எந்தத் தொடரும் தானாகத் தாங்காது. ஹைதராபாத்தில் 2023 பிப்ரவரியில் ஃபார்முலா இ நடந்தது. ஆட்சி மாறியது, 2024 பந்தயம் ரத்து. அரசு தரும் பணம் தேர்தலோடு கட்டிய பணம். வந்தால் ஒரு முறைச் செலவுக்கு, டிராக் தடுப்புக்கோ மெடிக்கல் சென்டருக்கோ பயன்படுத்துங்கள். வருடாந்திர வரவு செலவில் அந்த வரியை எழுதாதீர்கள்.

இனி உடனே செய்ய வேண்டியது. கடந்த 3 சீசனில் ஓட்டிவிட்டு நின்றுபோனவர்களின் பட்டியலை எடுத்து, ஒவ்வொருவருக்கும் போன் செய்யுங்கள். செயலாளரே செய்ய வேண்டும், வாட்ஸப் ஃபார்ம் அனுப்பினால் யாரும் நிரப்ப மாட்டார்கள். ஏன் நின்றீர்கள், கடைசி சீசனில் மொத்தம் எவ்வளவு ஆயிற்று, எவ்வளவு என்றால் திரும்புவீர்கள் என்ற மூன்றைக் கேளுங்கள். டீம்களை உட்காரவைத்து கிளப்பின் கணக்கை அப்படியே திறந்து காட்டுங்கள், டிராக் வாடகை ரசீது உட்பட. கிளப் நம்மை வைத்துச் சம்பாதிக்கிறது என்ற பேச்சு எல்லா பேடாக்கிலும் ஓடும். அது ஓடும்வரை யாரும் முன்பணம் தரமாட்டார்கள். டிசம்பருக்குள் 14 பேராவது அடுத்த சீசனுக்கு முன்பணம் கட்டினால் 4 சுற்றுக்கும் தேதி போடுங்கள். 14 சேரவில்லையென்றால் 3 சுற்று, அதில் ஒன்றை வேறொரு கிளப்பின் வார இறுதியோடு சேர்த்து. 10-க்குக் கீழே போனால் பழைய கார்களையும் வேறு வகுப்பு ஃபார்முலா கார்களையும் ஒரே ரேஸில் தனித்தனிப் புள்ளியோடு ஓடவிட்டு அந்த ஒரு வருடத்தைத் தள்ளுங்கள். தேதி அறிவித்துவிட்டு சுற்றை ரத்து செய்வது மட்டும் கூடவே கூடாது. லீவு போட்டு, டிக்கெட் எடுத்து, காரை லாரியில் ஏற்றிய அப்பா, அதற்கப்புறம் நீங்கள் எவ்வளவு ஃபீஸ் குறைத்தாலும் வரமாட்டார்.